இரண்டு தெருக்களின் மட்டம்

ஒரு இடத்தைத் தெரிந்துகொண்டுவிட்டோம் என்று சொல்ல எத்தனை திசைகளில் நடந்து பார்த்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வி எனக்குக் கணிதத்தின் மூலம் வந்திருக்க வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் அதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன். கரும்பலகையில் இதே கேள்வியை எழுதி, அதற்கான விடையையும் எழுதி, சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஆனால் கேள்வியாக அது என்னிடம் வந்தது 2015 டிசம்பரில், என் அக்கா வீட்டுச் சமையலறைக்குள் தண்ணீராக.

அம்பத்தூருக்குக் கிழக்கே ஒரு மனைப்பிரிவில் 2004-இல் அக்காவும் மாமாவும் ஒரு கிரவுண்டு வாங்கினார்கள். நாற்பதுக்கு அறுபது. தெருமுனை மனை. கிழக்கே வடக்கு தெற்காக ஒரு தெரு, தெற்கே கிழக்கு மேற்காக ஒரு தெரு. மாமா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணம் முழுவதும் அந்த மண்ணுக்குள் போயிற்று. வீடு கட்ட வந்த மேஸ்திரி செய்யாற்றுப் பக்கத்துக்காரர். அவர் பேஸ்மட்டம் நாலடி வேண்டும் என்றார். இரண்டடி போதாதா என்றார் மாமா. இரண்டடி கூடுதல் என்றால் கருங்கல், மண், கூலி எல்லாமாகச் சேர்ந்து ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. படித்தவன் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். படித்தவன் என்ற முறையிலேயே நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

மேஸ்திரியிடமிருந்தே மட்டக் குழாயை வாங்கிக்கொண்டேன். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதைவிட நேர்மையான கருவி உலகத்தில் இல்லை. தெருமுனையில் ஆரம்பித்து வடக்குத் தெருவில் இருநூறு அடி போனேன். அரை அங்குல வித்தியாசம். மறுபடி தெருமுனைக்கு வந்து மேற்குத் தெருவில் இருநூறு அடி. முக்கால் அங்குலம். இரண்டு தெருவும் தட்டுப் போல மட்டம். தரை சமதளம், தண்ணீர் வந்தாலும் நாலா பக்கமும் பரவி வடிந்துவிடும், தெருவுக்கு மேல் இரண்டடி தாராளம் என்று தீர்ப்புச் சொன்னேன்.

"தெருவுக்கு மட்டம் பாத்துட்டீங்க சார். தண்ணி தெருவுல நடந்தா வரும்? கொல்லப் பக்கமா வரும்" என்றார் மேஸ்திரி. கொல்லைப்புறம் மேற்கே இருந்தது. அங்கே தரை தெருவைவிட மேடு, ஏறக்குறைய ஒன்றரை அடி. அது என் கண்ணிலும் பட்டிருந்தது. ஆனால் சமதளம் என்று முடிவு செய்துவிட்டவனுக்கு மேடு ஒரு தற்செயல். யாரோ கொட்டிய மண் என்று நினைத்தேன். தவிரவும், மனை வாங்குகிற யாருக்குத்தான் மேடு என்றால் கசக்கும்?

*

வகைநுண்கணிதத்தின் அடிப்படை ஆசை மிக எளியது. வளைந்ததை நேரானதாகப் பார்க்க வேண்டும். ஒரு வளைகோட்டின் ஒரு புள்ளிக்கு மிகவும் கிட்டே போனால் அது நேர்கோடு மாதிரி ஆகிவிடுகிறது. எவ்வளவு கிட்டே போகிறோமோ அவ்வளவு நேராகிறது. அந்த நேர்கோட்டின் சரிவைத்தான் வகைக்கெழு என்கிறோம். வளைகோட்டுக்குப் பதிலாகக் கொஞ்ச தூரத்துக்கு நேர்கோட்டை வைத்துக்கொண்டு வேலையை முடித்துக்கொள்ளலாம். இதுதான் நேரியல் தோராயம். பொய்தான். ஆனால் தன் பொய் எவ்வளவு என்று தெரிந்த பொய்.

கோட்டிலிருந்து பரப்புக்கு வந்தால், அதாவது ஒரு மாறிக்குப் பதில் இரண்டு மாறிகள் வந்தால், நேர்கோட்டின் இடத்தில் ஒரு தட்டையான தளம் வந்து உட்கார்கிறது. தொடுதளம். நிலத்தின் மேல் ஒரு பலகையைப் பதிய வைப்பது போல. ஒரு பலகை எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று அறிய இரண்டு சரிவுகள் போதும். கிழக்கு மேற்காக எவ்வளவு, வடக்கு தெற்காக எவ்வளவு. மீதி எல்லாத் திசையும் இந்த இரண்டின் கூட்டுக்கணக்கு. இந்த இரண்டு சரிவுகளுக்குப் பகுதி வகைக்கெழுக்கள் என்று பெயர். கணக்கும் சுலபம், ஒரு மாறியை ஆட்டாமல் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் அசைக்க வேண்டும், அவ்வளவுதான். தெருவை விட்டு இறங்காமல் நடப்பது மாதிரி.

தவறு நுழைகிற இடம் இதுதான். பலகையாக இருந்தால் இரண்டு சரிவுகள் போதும் என்பது ஒரு விஷயம். இரண்டு சரிவுகள் கிடைத்துவிட்டதால் அது பலகை என்பது முற்றிலும் வேறு விஷயம். முதலாவது உண்மை. இரண்டாவது உண்மையில்லை. இரண்டு பகுதி வகைக்கெழுக்களும் ஒழுங்காக இருந்தும் அந்த இடத்தில் தொடுதளமே இல்லாத பரப்புகள் உண்டு. நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தைக் கொடுத்து இருநூறு வருஷங்கள் போன பிறகுதான் இந்த வித்தியாசம் ஒரு வரையறையாக உட்கார்ந்தது. இன்ஸ்ப்ருக்கில் பேராசிரியராக இருந்த ஓட்டோ ஷ்டோல்ஸ் 1893-இல் தன் பாடநூலில் அதை எழுதினார். பிரான்சின் மோரீஸ் ஃப்ரெஷே 1911-இல் அதையே இன்னும் விரிந்த தளத்துக்குக் கொண்டு போனார். இருநூறு வருஷம் கெட்டிக்காரர்கள் தடுமாறிய இடம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் தடுமாறியது 2004-இல். வரையறை அதற்குள் நூற்றுப்பதினோரு வயதாகி, என் கையெழுத்திலேயே மாணவர்களின் நோட்டுகளில் இருந்தது.

வரையறை சொல்வது இது. தொடுதளம் என்று நீ வைத்திருப்பதற்கும் உண்மையான பரப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எடு. அதை, புள்ளியிலிருந்து நீ போன தூரத்தால் வகு. எந்த வழியாகக் கிட்டே வந்தாலும் அந்த விகிதம் பூஜ்யத்தை நோக்கிப் போக வேண்டும். தவறு சிறிதாவது போதாது, தூரத்தைவிட வேகமாகச் சிறிதாக வேண்டும். 'எந்த வழியாக வந்தாலும்' என்ற மூன்று வார்த்தைகளில்தான் அக்கா வீடு இருந்தது.

*

நன்றாக நடந்துகொள்கிற பரப்புக்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டாம். பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலைக்கு ஒரு சாலை போகிறது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி அந்தப் பரங்கிமலைக்குப் பக்கத்துச் சமவெளியில்தான் வில்லியம் லாம்டன் தன் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் மூடிய பெரிய அளவைக்கு அதுதான் தொடக்கம். நூறடி நீள எஃகுச் சங்கிலி, இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. ஏழரை மைல். சங்கிலியை நானூறு தடவை போல எடுத்து எடுத்து வைத்தால்தான் அந்தத் தூரம் முடியும்.

பூமி உருண்டை, சங்கிலி நேர். நிற்கிற இடத்தில் ஒரு தொடுதளத்தை வைத்துப் பார்த்தால், ஒரு மைல் போவதற்குள் பூமி அதிலிருந்து சுமார் எட்டு அங்குலம் கீழே விலகுகிறது. அரை மைலில் விலகல் நாலு அங்குலம் அல்ல, இரண்டு. கால் மைலில் அரை அங்குலம். தூரம் பாதியானால் தவறு கால்வாசியாகிறது. தவறைத் தூரத்தால் வகுத்துக்கொண்டே போனால் பூஜ்யம்தான். இதைத்தான் வகையிடத்தக்கது என்கிறோம். பூமி இந்த விதத்தில் கண்ணியமானது. அதனால்தான் அதன் மேல் தட்டையான வரைபடங்கள் போட முடிகிறது, பத்திரப் பதிவு செய்ய முடிகிறது, நாற்பதுக்கு அறுபது என்று மனை பிரிக்க முடிகிறது. முக்கோணம் பெரிதாகும்போது மட்டும் அதன் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைத் தாண்டத் தொடங்குகிறது. சுமார் எழுபத்தாறு சதுர மைலுக்கு ஒரு விகலை. லாம்டனின் ஆட்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். தோராயத்தை நம்பினவர்கள்தான், அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு நம்பினார்கள்.

இனி அக்காவின் தெருமுனை. இயற்கையில் அந்த நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் உபரி கொரட்டூர் ஏரிக்கு, அது நிறைந்தால் மாதவரம் ரெட்டேரிக்கு என்று ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்ட மாதிரி ஏரிகள் இருக்கிற பிரதேசம். சரிவு இல்லாமல் இந்தச் சங்கிலி ஏது? வடக்கு தெற்குத் தெரு சரிவுக்குக் குறுக்காகப் போவதால் தானாகவே மட்டமாக இருந்தது. கிழக்கு மேற்குத் தெரு அப்படி இருக்க நியாயமில்லை. மனை போட்டவர்கள் மேற்கே இருந்த மேட்டை வெட்டிக் கிழக்கே பள்ளத்தில் கொட்டித் தெருவை மட்டமாக்கியிருந்தார்கள். மேற்கே தெரு வெட்டின பள்ளத்துக்குள், கிழக்கே கொட்டின கரைமேல். தெருவை விட்டு இறங்கினால் நிலம் தன் பழைய சரிவிலேயே கிடந்தது. அதாவது, நான் அளந்தது நிலத்தை அல்ல. நிலத்தைப் பார்க்காமல் இருக்கும்படி மனிதர்கள் போட்ட இரண்டு கோடுகளை.

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து இதற்கு ஒரு சார்பு எழுதிப் பார்த்தேன். தெருமுனையிலிருந்து வடக்கே போன தூரத்தின் வர்க்கத்தை மேற்கே போன தூரத்தால் பெருக்கு. வந்ததை, இரண்டு தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டி வகு. அதுதான் அந்த இடத்தின் உயரம் என்று வைத்துக்கொள். வடக்குத் தெருவில் நிற்கும்போது மேற்குத் தூரம் பூஜ்யம், ஆகவே உயரம் பூஜ்யம். மேற்குத் தெருவில் வடக்குத் தூரம் பூஜ்யம், உயரம் மறுபடியும் பூஜ்யம். இரண்டு பகுதி வகைக்கெழுக்களும் தெருமுனையில் பூஜ்யம். பலகையை வைத்தால் அது படுத்துத்தான் கிடக்க வேண்டும். ஆனால் மூலைவாட்டில் மனைக்குள் நட. நூறடி வடக்கு, நூறடி மேற்கு, உயரம் ஐம்பதடி. தூரம் நூற்று நாற்பத்தொன்று. விகிதம் 0.35. கிட்டே வா. ஓரடி வடக்கு, ஓரடி மேற்கு. உயரம் அரை அடி. விகிதம் அதே 0.35. ஓர் அங்குலத்திலும் 0.35. எவ்வளவு கிட்டே வந்தாலும் அந்தத் தவறு சிறுக்க மாட்டேன் என்கிறது. அங்கே தொடுதளம் கிடையாது.

மண் இந்தச் சூத்திரத்தின்படி நடப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். எந்த மண்ணும் ஓர் அங்குலத்தில் மழுங்கிப் போய்விடும். வகையிடத்தக்கதா என்பது எல்லையில் கேட்கப்படுகிற கேள்வி. வீடு எல்லையில் கட்டப்படுவதில்லை, அறுபது அடியில் கட்டப்படுகிறது. ஆனாலும் நான் செய்த தவறின் ஜாதி இந்தச் சூத்திரத்தில் அப்பட்டமாக இருக்கிறது.

*

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதையும், அடையாற்றங்கரை மூழ்கியதையும் உலகம் அறியும். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட ஏரி அது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் அதுவல்ல. எங்களுடையதற்குப் பேர் இல்லை, பத்திரிகையில் இடமும் இல்லை. மேற்கே நிரம்பி வழிந்தது மனைகளின் ஊடாக, கொல்லைக் கொல்லையாக இறங்கி வந்தது. தெருவுக்கு மேல் இரண்டடியில் இருந்த வீடு, கொல்லைத் தரைக்கு மேல் அரை அடியில்தான் இருந்தது. சமையலறைக் கதவு அந்தப் பக்கம். முழங்கால் தண்ணீர் தெருவை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே வீட்டுக்குள் வந்து, வாசல் வழியாகத் தெருவுக்கு இறங்கிப் போயிற்று. அக்கா பிற்பாடு சொன்னாள்: "தண்ணி உள்ளேர்ந்து வெளியே போச்சுடா. அத நான் எங்கயும் பார்த்ததில்ல."

இரண்டு நாள் மொட்டைமாடியில் இருந்தார்கள். கரண்டு இல்லை, ஃபிரிட்ஜில் இருந்த மாமாவின் இன்சுலின் வீணாயிற்று. அதை எடுக்க இருட்டில் இறங்கினபோது இடது காலில் ஏதோ கீறியிருக்கிறது. சேற்றுத் தண்ணீர், சர்க்கரை உடம்பு. ஜனவரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்வதற்காகத்தான் போனேன். சொல்லவில்லை. பேஸ்மட்டத்தைப் பற்றி அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தன் வேலையைப் பற்றிப் பேசுகிற தோரணையில் சொன்னார்: "எங்க ஷாப்புல சர்ஃபேஸ் பிளேட்ட செக் பண்றச்சே நாலு ஓரத்துல மட்டும் ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டு விட மாட்டோம் மச்சான். மூலைக்கு மூல வெச்சுப் பாக்கணும். ஓரமெல்லாம் கரெக்டா இருக்கும். பிளேட்டு முறுக்கிட்டிருக்கும்."

இதைக் குற்றச்சாட்டாகச் சொன்னாரா, சும்மா ஞாபகம் வந்து சொன்னாரா, இன்று வரை எனக்குத் தெரியாது. ஐ.டி.ஐ. படித்த மனிதர். எம்.எஸ்ஸி. படித்த என்னிடம் மட்டம் பார்க்கச் சொல்லிவிட்டு, தான் அறிந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் அந்த வீட்டில் குடியிருந்திருக்கிறார். 2004-இலேயே அவருக்கு இது தோன்றியிருக்குமோ என்பதுதான் என்னை அதிகமாக உறுத்துகிறது. படிப்பு, தன் பக்கத்தில் இருப்பவனின் அறிவை வாயடைக்கச் செய்கிறது. இது நம் ஊரில் தினமும் நடக்கிறது.

ஆனால் மூலைக்கு மூலையும் போதாது. இதை மாமாவிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை; இங்கே சொல்கிறேன். வடக்குத் தூரத்தை மேற்குத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மேற்குத் தூரத்தின் நாலாம் அடுக்கோடு வடக்குத் தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டி வகுத்தால் ஒரு சார்பு கிடைக்கும். தெருமுனையில் அதன் மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். எந்த நேர்கோட்டில் வந்தாலும், ஓரமோ மூலையோ இடைப்பட்ட எந்தத் திசையோ, மதிப்பு பூஜ்யத்தை நோக்கித்தான் வரும். எல்லா நேர்கோட்டிலும் சரிவும் உண்டு. ஆனால் வடக்குத் தூரம் மேற்குத் தூரத்தின் வர்க்கமாக இருக்கும்படி ஒரு பரவளையத்தில் வளைந்து வந்தால் மதிப்பு கடைசி வரைக்கும் அரை. பூஜ்யமே ஆகாது. நேராக நடப்பவர்களுக்கெல்லாம் அகப்படாத ஒன்று வளைந்து வருகிறவனுக்கு அகப்படுகிறது. தண்ணீர் எந்தக் காலத்தில் நேராக நடந்தது? பழைய வாய்க்கால் எந்த மூலைவாட்டிலும் போகவில்லை. அது தன் இஷ்டத்துக்கு வளைந்து போன தடத்தின் மேல்தான் நாங்கள் சமையலறை கட்டியிருந்தோம்.

*

இதை ஒரு கவிதைப் பத்திரிகையில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1982-இல், இதைப் போன்ற ஒரு பத்திரிகையில், பூந்தமல்லிப் பக்கத்துக் கவிஞர் ஒருவரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அப்போது எங்களிடம் இரண்டு தெருக்கள் இருந்தன. உருவம், உள்ளடக்கம். செல்லப்பா 1959-இல் 'எழுத்து'வைத் தொடங்கிய காலத்திலிருந்தே, அலசிப் பார்ப்பது ஒரு பக்கம், சமூகப் பார்வையைக் கேட்பது இன்னொரு பக்கம் என்று இந்த இரண்டு தெருக்களிலும் நடமாட்டம் அதிகம். சண்டை போட்டவர்களும் இந்தத் தெருக்களில் நின்றுதான் போட்டார்கள். நான் இரண்டிலும் மட்டக் குழாயைப் பிடித்தேன். உருவத்தில் புதுமை இல்லை, பூஜ்யம். உள்ளடக்கம் தெரிந்ததுதான், பூஜ்யம். ஆகவே சமதளம். ஒன்றரைப் பக்கத்தில் தீர்ப்பு எழுதி அனுப்பினேன். அந்தக் கவிஞர் பிறகு எழுதியதாக நான் பார்க்கவில்லை. என் மதிப்புரையால்தான் என்று சொல்வது என்னையே நான் பெரிதுபடுத்திக்கொள்வது. ஆனால் அந்தத் தொகுப்பு 2015-க்குப் பிறகு என் கைக்கு மறுபடியும் வந்தது. படித்தேன். பழக்கமான வடிவமும் பழக்கமான விஷயமும் சேர்ந்து போகிற இடத்தில் தரை சட்டென்று ஏறியிருந்தது. ஒன்றை நிலையாக வைத்து மற்றதை மட்டும் அசைத்தவனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. இரண்டையும் ஒருசேர அசைத்தால்தான் அகப்படும்.

கணிதத்தை உவமையாக்கி இலக்கியத்தைத் திருத்தப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உவமைகள் எளிதாகக் கிடைப்பவை. அவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் சொல்வது ஒரே மனிதன், ஒரே கருவி, ஒரே சோம்பல் என்பதை மட்டும். அச்சுகளை நாம் போடுகிறோம். அவை மட்டமாக இருக்கும்படி நாமே மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டுகிறோம். பிறகு அவற்றின் மேல் நின்றுகொண்டு, பார், எங்கும் மட்டம் என்கிறோம்.

அப்படியானால் எல்லா வழியிலும் நடந்து பார்த்த பிறகுதான் ஒன்றைச் சொல்ல வேண்டுமா? வழிகள் எண்ணற்றவை, அப்படியானால் யாரும் எதையும் சொல்ல முடியாது. கணிதம் இங்கே கொஞ்சம் கருணை காட்டுகிறது. பகுதி வகைக்கெழுக்களை அந்த ஒரு புள்ளியில் மட்டும் பார்க்காதே, அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலும் பார். இடம் நகர நகர அவை திடீரென்று தாவாமல் தொடர்ச்சியாக மாறினால், தொடுதளம் உண்டு. அப்போது இரண்டு சரிவுகளை நம்பலாம், எல்லா வழிகளுக்கும் சேர்த்து. இது போதுமான நிபந்தனைதான். தேவையான நிபந்தனை அல்ல. ஆனால் வீடு கட்டுகிறவனுக்குப் போதுமானது போதும்.

என் சார்பில் இதைச் செய்து பார்த்தேன். தெருமுனையில் மேற்குச் சரிவு பூஜ்யம். வடக்குத் தெருவில் ஓரடி தள்ளி நின்று, அங்கிருந்து மேற்கே மனைக்குள் பார்த்தால் சரிவு ஒன்று. அரை அடி தள்ளினாலும் ஒன்று. ஓர் அங்குலம் தள்ளினாலும் ஒன்று. தெருமுனைக்கு வந்ததும் பூஜ்யம். அந்தத் தாவல்தான் எச்சரிக்கை. அன்று ஞாயிற்றுக்கிழமை நான் செய்திருக்க வேண்டியதெல்லாம் பத்தடி வடக்கே தள்ளி, குழாயைத் தெருவில் போடாமல் முள்செடிக்குள் மேற்கே இழுத்திருப்பதுதான். பத்து நிமிஷ வேலை. வேட்டியில் நெருஞ்சி ஒட்டியிருக்கும். மேஸ்திரி சொன்னதும் அவ்வளவுதான்: தெருவை விட்டு இறங்கிப் பாருங்கள்.

*

அந்த வீட்டை 2017-இல் விற்றுவிட்டார்கள். வாங்கினவர் இடித்துவிட்டு உயர்த்திக் கட்டினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. அக்காவும் மாமாவும் அப்போது வாடகைக்கு ஒரு இரண்டாம் மாடியில் இருந்தார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். மாமா செருப்புக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு மெல்ல நடக்கிறார்.

அக்காவின் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, சனிக்கிழமைகளில் அவளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போவேன். ஒருநாள் பகுதி வகைக்கெழுக்கள் வந்தன, அவற்றை வைத்து நேரியல் தோராயம் எழுதுகிற கணக்குகள். சூத்திரத்தில் போட்டு மளமளவென்று மூன்றை முடித்துவிட்டாள். நாலாவதுக்கு முன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "தாத்தா, இந்த ரெண்டும் கண்டுபிடிச்சாச்சுன்னா போதுமா? வேற எதுவும் செக் பண்ண வேணாமா?"

பரீட்சைக்குப் போதும். முப்பத்து மூன்று வருஷம் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பேன். மாமா கட்டிலில் சாய்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் குறைவாகத்தான் வைத்திருந்தார்.

"போதாதும்மா" என்றேன். "ரெண்டு தெருவ மட்டும் பாத்துட்டு மட்டம்னு சொல்லக்கூடாது. நான் ஒரு தடவ சொல்லிட்டேன்."

அவள் அடுத்ததைக் கேட்பதற்காகக் காத்திருந்தாள். மாமா திரும்பவில்லை. ரிமோட்டை எடுத்து டி.வி.யை நிறுத்தினார்.